எகிப்தில் 430 ஆண்டா, 215 ஆண்டா? காலவரிசை போடுமுன் எடுக்கவேண்டிய முடிவு

ஆபிரகாமில் தொடங்கி மோசே வரை காலவரிசைப் படம் போட உட்காருகிறவர்கள் அரைமணி நேரத்துக்குள் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆதியாகமம் 15:13 நானூறு வருஷம் என்கிறது. மூன்று வசனம் தள்ளி 15:16 நாலாம் தலைமுறையில் திரும்புவார்கள் என்கிறது. யாத்திராகமம் 12:40 எகிப்தில் குடியிருந்த காலம் நானூற்று முப்பது என்கிறது. பவுலோ கலாத்தியர் 3:17-இல் அதே நானூற்று முப்பதை ஆபிரகாமுக்குக் கிடைத்த வாக்குத்தத்தத்துக்கும் சீனாயில் வந்த நியாயப்பிரமாணத்துக்கும் நடுவில் வைக்கிறார். நான்கையும் ஒரே கோட்டில் ஏற்ற வேண்டுமானால், எந்த எண்ணை அசையாமல் வைப்பது, எதை விரித்துப் படிப்பது என்று கோடு இழுக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும்.

வேதபாட வகுப்புச் சுவர்ப்படங்களில் வழக்கமாக நடக்கும் பிழை ஒன்று. எகிப்து என்று 430 ஆண்டுக்குப் பட்டை வரைவார்கள். அதற்குள்ளேயே லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நான்கு ஆயுள்கோடுகளை அப்பன், மகன், பேரன் முறையில் இடைவெளியில்லாமல் கோத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றாக நிற்காது. ஏன் என்பதற்குக் கூட்டல் கழித்தலே போதும்.

முதலில் யாரும் சண்டை போடாத பகுதி. ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75 (ஆதி. 12:4). ஈசாக்கு பிறந்தபோது 100 (21:5). யாக்கோபு பிறந்தபோது ஈசாக்குக்கு 60 (25:26). பார்வோன் முன் நின்றபோது யாக்கோபுக்கு 130 (47:9). 25 + 60 + 130 = 215. ஆக, ஆபிரகாம் கானானுக்கு வந்ததிலிருந்து குடும்பம் எகிப்துக்குள் இறங்கும் வரை 215 ஆண்டு. 430-இல் சரிபாதி. இங்கிருந்துதான் வழி இரண்டாகப் பிரிகிறது. 430-உம் எகிப்திலேயே கழிந்தது என்பது நெடுங்கணக்கு. கானானில் 215, எகிப்தில் 215 என்பது குறுங்கணக்கு.

குறுங்கணக்கு பிற்காலத்தில் யாரோ சமாளிப்பதற்காகக் கண்டுபிடித்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அதற்கு வயது அதிகம். எபிரெய மூலத்தின் மாசொரேத்தியப் பாடத்தில் யாத். 12:40 எகிப்தை மட்டுமே சொல்கிறது. நம் தமிழ் வேதாகமம் அதைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ‘கானான் தேசத்திலும்’ என்ற சொற்கள் கூடுதலாக இருக்கின்றன. சமாரியரின் ஐந்நூலிலும் கானான் இருக்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், ஆபிரகாம் கானானுக்கு வந்து 430 ஆண்டுக்குப் பிறகு, யாக்கோபு எகிப்துக்கு வந்து 215 ஆண்டுக்குப் பிறகு புறப்பாடு நடந்தது என்று ஓரிடத்தில் எழுதுகிறார். வேறு இடங்களில் எகிப்தில் 400 ஆண்டு துன்பம் என்றும் அவரே எழுதுகிறார். ஆகவே அவரை ஒரு கட்சிக்கு மட்டும் சாட்சியாக நிறுத்துவது நியாயமில்லை. 17-ஆம் நூற்றாண்டில் ஆயர் உஷர் போட்ட காலவரிசையும் குறுங்கணக்குதான்: எகிப்துக்கு வருகை கி.மு. 1706, புறப்பாடு 1491, வித்தியாசம் 215.

யூத ரபிகளின் கணக்கு இன்னும் ஐந்து ஆண்டு குறைவு. 400 ஈசாக்கின் பிறப்பிலிருந்து ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு, 400 – 60 – 130 = 210 என்கிறார்கள். 430-ஐ, ஆபிரகாமின் 70-ஆம் வயதில் நடந்ததாக அவர்கள் கொள்ளும் உடன்படிக்கையிலிருந்து எண்ணுகிறார்கள். யாக்கோபு தன் மகன்களிடம் ‘அங்கே போங்கள்’ என்று சொல்லும் எபிரெயச் சொல்லின் எழுத்துகளுக்கு எண்மதிப்புப் போட்டால் 200 + 4 + 6 = 210 வருவதை அவர்கள் ரசிக்கிறார்கள். அழகுதான், ஆனால் அதை ஆதாரப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

லேவி வீட்டுக் கணக்கு

யாக்கோபு எகிப்துக்குள் வந்த ஆண்டைச் சுழியம் என்று வையுங்கள். யோசேப்பு பார்வோன் முன் நின்றபோது 30. செழிப்பு 7, பஞ்சம் 2 கழிந்த பிறகு குடும்பம் வந்தது. ஆக, சுழிய ஆண்டில் யோசேப்புக்கு 39, யாக்கோபுக்கு 130. யோசேப்பு பிறந்தபோது யாக்கோபுக்கு 91. லாபானிடம் மனைவிகளுக்காக வேலை செய்த 14 ஆண்டு முடியும் தறுவாயில் யோசேப்பு பிறந்தான்; எனவே கல்யாணம் 84-இல். லேயாளின் மூன்றாம் மகன் லேவி, யாக்கோபின் 87-ஐ ஒட்டிப் பிறந்திருப்பான். சுழிய ஆண்டில் லேவிக்கு ஏறத்தாழ 43. அவன் வாழ்ந்தது 137 ஆண்டு (யாத். 6:16). இறந்தது 94-ஆம் ஆண்டு.

கோகாத் எகிப்துக்கு வந்தவர்கள் பட்டியலிலேயே இருக்கிறான் (ஆதி. 46:11). வந்த அன்றுதான் பிறந்தான் என்றே வைத்துக்கொள்வோம். ஆயுள் 133. அவன் செத்த ஆண்டில் அம்ராம் பிறந்தான் என்று கொள்வோம். அம்ராமின் ஆயுள் 137. அவன் செத்த ஆண்டில் மோசே பிறந்தான் என்று கொள்வோம். புறப்பாட்டில் மோசேக்கு 80 (யாத். 7:7). இவ்வளவு இழுத்தும் 133 + 137 + 80 = 350. 430-க்கு 80 குறைகிறது, 400-க்கே 50 குறைகிறது. நான்கு பெயரும் இடைவெளியற்ற நான்கு தலைமுறை என்றால் நெடுங்கணக்கு செத்தது.

மோசேயின் தாய் யோகெபேத் விஷயம் இன்னும் இறுக்கம். எண்ணாகமம் 26:59 அவளை எகிப்திலே லேவிக்குப் பிறந்தவள் என்கிறது. லேவி 94-ஆம் ஆண்டில் இறந்தால், அவள் அதற்குப் பின் பிறந்திருக்க முடியாது. குறுங்கணக்கில் மோசே பிறந்தது 215 – 80 = 135-ஆம் ஆண்டு; தாய்க்கு வயது குறைந்தது 41. ஆரோன் மூன்று வயது மூத்தவன், அவன் பிறந்தபோது 38. நடக்கக்கூடியதே. நெடுங்கணக்கில் மோசே பிறந்தது 350-ஆம் ஆண்டு. தாய்க்கு வயது 256. இதற்கு நெடுங்கணக்கார் ‘பிறந்தவள்’ என்பதை ‘லேவி வம்சத்தில் வந்தவள்’ என்று விரித்துத்தான் படிக்க வேண்டும். அவர்கள் பக்கத்தின் மிகப் பலவீனமான தூண் இதுதான்.

இதுவரை படித்தால் குறுங்கணக்கே ஜெயித்துவிட்டது போலிருக்கும். அவசரம் வேண்டாம், அதே லேவி வீட்டில் எண்ணாகமம் 3:27-28 இருக்கிறது. கோகாத்தின் நான்கு மகன்களான அம்ராம், இத்சேயார், எப்ரோன், ஊசியேல் ஆகியோரின் வம்சங்களில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட ஆண்கள் 8,600 பேர். நான்காகப் பிரித்தால் அம்ராம் வம்சத்தில் சுமார் 2,150 ஆண்கள். மோசேயின் தகப்பன் அம்ராமே அந்த வம்சத்தலைவன் என்றால், மோசே, ஆரோன் இருவரும் அவர்களுடைய பிள்ளைகளும் போக மற்ற இரண்டாயிரம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அம்ராமுக்கு வேறு ஆண்பிள்ளைகள் இருந்ததாக ஒரு வசனமும் இல்லை. வம்சத்தலைவன் அம்ராம் ஒருவன், பல தலைமுறை தள்ளி அதே பெயரில் வந்த மோசேயின் தகப்பன் இன்னொருவன் என்றால் இந்த முடிச்சு அவிழ்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் விசித்திரமாகப் படாது.

‘குமாரன்’ என்ற சொல்

தமிழில் மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று படிப்படியாகச் சொல் இருக்கிறது. எபிரெய வம்சவரலாறுகளில் ‘பென்’ என்ற ஒரே சொல் மகனுக்கும் பேரனுக்கும் வழித்தோன்றலுக்கும் ஓடுகிறது. மொழிபெயர்ப்பில் அது எல்லா இடத்திலும் ‘குமாரன்’ என்று வருவதால், படிக்கிறவர் அப்பன்–மகன் என்றே எடுத்துக்கொள்கிறார். ஆதி. 29:5-இல் லாபான் நாகோரின் குமாரன். உண்மையில் பெத்துவேலின் மகன், நாகோரின் பேரன். யெகூ ஒரு வசனத்தில் நிம்சியின் பேரன், அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி நிம்சியின் குமாரன் (2 இராஜா. 9:2, 20).

பெயர் விடுவது தவறுதலாக நடப்பதல்ல, அது ஒரு மரபு. எஸ்றா 7:1-5-ஐ 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்தோடு பக்கத்தில் வைத்து விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள்: மெராயோத்துக்கும் அசரியாவுக்கும் நடுவில் ஆறு பெயர்கள் எஸ்றாவில் இல்லை. அதே பட்டியலில் எஸ்றா, செராயாவின் குமாரன். பிரதான ஆசாரியன் செராயா எருசலேம் விழுந்த கி.மு. 586-ஐ ஒட்டிக் கொல்லப்பட்டான். வழக்கமான கணக்குப்படி எஸ்றா எருசலேமுக்கு வந்தது கி.மு. 458. மத்தேயு 1:8-இல் யோராமுக்குப் பிறகு நேராக உசியா. நடுவில் ஆகாசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று ராஜாக்களைக் காணோம். 14, 14, 14 என்று அமைப்பதற்காகவே அவர்கள் விடப்பட்டார்கள் என்பது பொதுவான விளக்கம். தாவீது என்ற பெயரின் எபிரெய எழுத்துகளின் கூட்டுமதிப்பும் 14.

ஆகவே வம்சப் பட்டியலைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு ஆண்டு கணக்கிடுவது ஆபத்து. தகப்பனின் வயது கூடவே சொல்லப்பட்டிருந்தால் (ஈசாக்கு 60-இல் யாக்கோபு என்பது போல) எண்ணலாம். பெயர் மட்டும் இருந்தால், அது யார் யாருடைய வீடு என்று சொல்லுமே தவிர எத்தனை ஆண்டு என்று சொல்லாது.

மற்ற வீடுகள்

எப்பிராயீம் வீட்டைப் பாருங்கள். 1 நாளாகமம் 7:23-27-இல் எப்பிராயீமிலிருந்து யோசுவா வரை, ரேசேப்பைத் தனிப்படியாக எண்ணினால், பத்து பிறப்புகள். இந்தப் பட்டியலை நம்பலாம் என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு: யோசுவாவின் பாட்டன் எலிஷாமா, அம்மியூதின் குமாரன், எண்ணாகமம் 1:10-இல் கோத்திரத் தலைவனாக உயிரோடு நிற்கிறான். எப்பிராயீம் பஞ்சத்துக்கு முன்பே பிறந்தவன். அவன் பிறப்பைச் சுழியத்துக்கு ஐந்தாண்டு முன்னே வையுங்கள். புறப்பாட்டில் யோசுவாவுக்கு 40 என்று வைத்தால், குறுங்கணக்கில் பத்து பிறப்புக்கு 180 ஆண்டு, தலைக்கு 18. நெடுங்கணக்கில் 395 ஆண்டு, தலைக்கு ஏறத்தாழ 40. பதினெட்டு வயதில் பத்துத் தலைமுறை தொடர்ந்து பிள்ளை பெற்றார்கள் என்பது நெருக்கடிதான், முடியாதது என்று சொல்லிவிட முடியாது. யோசேப்பு இறக்கும் முன் எப்பிராயீமின் மூன்றாம் தலைமுறையைப் பார்த்தான் (ஆதி. 50:23); அதை மூன்று பிறப்பு என்று எண்ணினால், அந்தப் பிறப்புகள் சுமார் 75 ஆண்டுக்குள் முடிந்திருக்க வேண்டும், தலைக்கு அதிகபட்சம் 25.

யூதா வீடு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. எஸ்ரோன் எகிப்துக்கு வந்தவர்களில் ஒருவன். அவனுக்குப் பிறகு காலேப், ஊர், ஊரி, பெசலெயேல் என்று நான்கே பிறப்புகள். பெசலெயேல்தான் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடார வேலை செய்தவன். 215-க்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. 430-க்குத் தலைக்கு நூறு ஆண்டு வேண்டும்.

எனவே ஒரே காலத்துக்கு ஒரு வீட்டில் நான்கு பெயர், இன்னொரு வீட்டில் பத்து. புறப்பாட்டுக்குப் பிறகும் இதே கதை. மோசே காலத்துக் கோராகிலிருந்து தாவீதின் பாடகன் ஏமான் வரை 18 படிகள் (1 நாளா. 6:33-37). அதே காலத்தில் வாழ்ந்த நகசோனிலிருந்து தாவீது வரை ஐந்தே படிகள்: சல்மோன், போவாஸ், ஓபேத், ஈசாய், தாவீது. புறப்பாட்டிலிருந்து சாலொமோன் ஆலயம் கட்டத் தொடங்கியது வரை 1 இராஜாக்கள் 6:1 சொல்லும் 480-ஐ வைத்தால் தாவீது பிறந்தது புறப்பாட்டுக்குச் சுமார் 405 ஆண்டு தள்ளி. போவாஸ் எரிகோவின் ராகாபுக்குப் பிறந்தவன் என்றால், ஓபேத், ஈசாய், தாவீது என்ற மூன்று பிறப்புகளுக்குள் 300 ஆண்டுக்கு மேல் அடக்க வேண்டும். ஏமான் வீட்டிலோ 18 படிக்குச் சராசரி 25, மனிதர்கள் வாழும் வேகம். குறைவான பெயர் உள்ள பட்டியல் சுருக்கப்பட்டது, அதிகப் பெயர் உள்ளதுதான் முழுமைக்கு நெருக்கம் என்று எடுப்பதே விவேகம்.

தலைமுறைக்கு எத்தனை ஆண்டு?

ஆதி. 15:16-இன் ‘நாலாம் தலைமுறை’யை 15:13-இன் நானூறோடு சேர்த்தால் தலைக்கு நூறு. ‘தோர்’ என்ற எபிரெயச் சொல் பிறப்பு இடைவெளியை மட்டுமல்லாமல் ஒரு முழு ஆயுட்காலத்தையும் குறிக்கும். ஆபிரகாமுக்கே நூறு வயதில்தான் ஈசாக்கு. வனாந்தரத்தில் ஒரு தலைமுறை அழிந்தது 40 ஆண்டில். ஆகவே ஒரே சொல்லுக்கு நிலையான அளவு ஒன்றைக் கட்டி எல்லா இடத்திலும் பெருக்குவது தவறு.

480 என்பதே 12 × 40 என்று வருவதால், அது பன்னிரண்டு தலைமுறையைக் குறிக்கும் வட்ட எண், உண்மையில் தலைக்கு 25 வைத்து 300 ஆண்டுதான் என்று பலர் கொள்கிறார்கள். அப்போது புறப்பாடு கி.மு. 13-ஆம் நூற்றாண்டுக்கு இறங்குகிறது, யாத். 1:11-இல் வரும் ராமசேஸ் என்ற நகரப் பெயருக்கும் இரண்டாம் ராம்சேஸ் காலத்துக்கும் பொருந்துகிறது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பு இங்கே 440 என்கிறது. எதிர்ப்பக்கத்தில் இஸ்ரவேலர் யோர்தானுக்குக் கிழக்கே குடியிருந்த காலமாக நியாயாதிபதி யெப்தா சொல்லும் ‘முந்நூறு வருஷம்’ (நியா. 11:26) 480-ஐ எழுத்தின்படி எடுப்பவர்களுக்குத் துணை. நியாயாதிபதிகள் புத்தகத்து ஆண்டுகளை வரிசையாகக் கூட்டினால் 410 வரும். வனாந்தரம் 40, ஏலி 40, தாவீது 40 சேர்த்தாலே 530, இன்னும் யோசுவா, சாமுவேல், சவுல் பாக்கி. எனவே 480-ஐ ஏற்பவர்களும் நியாயாதிபதிகள் சிலரை ஒரே காலத்தில் வெவ்வேறு பகுதிகளில் வைத்தே ஆக வேண்டும். எந்தத் தேதி எடுத்தாலும் ஓர் எல்லை உண்டு: 1896-இல் எகிப்தின் தீப்ஸில் கிடைத்த, பார்வோன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, சுமார் கி.மு. 1208-லேயே கானானில் இஸ்ரவேலைக் குறிப்பிடுகிறது.

எல்லாமே அடையாள எண்கள் என்பவர்களுக்கு எசேக்கியேல் 4:5-6 பிடித்த இடம்: 390 நாள் ஒரு பக்கம், 40 நாள் மறுபக்கம், கூட்டினால் 430. கவனிக்கத்தக்க பொருத்தம். ஆனால் இந்த வழியில் போகிறவர் காலவரிசைப் படமே போடக்கூடாது.

ஜனத்தொகையை ஒரு வரியில் முடிக்கலாம். எழுபது பேர், 20 வயதுக்கு மேற்பட்ட 6,03,550 ஆண்களாக ஆக, 430 ஆண்டில் வருஷத்துக்கு 2.1 சதவீதம் பெருக வேண்டும், 215 ஆண்டில் 4.3 சதவீதம். முதலாவது உலக ஜனத்தொகை 1960-களில் தொட்ட உச்ச வேகத்தை ஒட்டியது; இரண்டாவதை இருநூறு ஆண்டு விடாமல் தாங்குவது மிகக் கடினம்.

எதைத் தெரிந்தெடுப்பது?

மாசொரேத்தியப் பாடத்தைப் பின்பற்றும் தமிழ் வேதாகமத்தை வைத்து யாத்திராகமம் நடத்துபவர்களுக்கு எங்கள் தெரிவு நெடுங்கணக்கு. காரணம் விலை. அதற்குக் கொடுக்க வேண்டிய விலை, கோகாத்துக்கும் மோசேயின் தகப்பனுக்கும் நடுவில் பெயர்கள் விடப்பட்டிருக்கின்றன என்று ஒப்புக்கொள்வது. வேதமே எஸ்றாவிலும் மத்தேயுவிலும் செய்திருக்கிற காரியம் அது. குறுங்கணக்கின் விலை, கையிலிருக்கும் வசனத்தில் இல்லாத ‘கானானிலும்’ என்ற சொற்களை உள்ளே வைத்துப் படிப்பது. கூடவே 8,600 பேரையும் பத்துத் தலைமுறை எப்பிராயீமையும் விளக்குவது. யோகெபேத் ஒருத்திக்காக எங்கள் தெரிவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டே தீர வேண்டும்.

கலாத்தியர் நடத்துபவர் நிலை வேறு. பவுலின் வாதத்தை இயல்பாகப் படித்தால் 430 ஆபிரகாமில் தொடங்குகிறது. அவர் வாசகர்கள் கையில் இருந்தது கிரேக்கப் பாடம். அங்கே குறுங்கணக்கு வைத்தே நடத்தலாம். நெடுங்கணக்கார் சொல்லும் பதில்: வாக்குத்தத்தம் கடைசியாக உறுதிசெய்யப்பட்டது யாக்கோபு எகிப்துக்குப் புறப்படும்போது பெயெர்செபாவில் (ஆதி. 46:1-4), அங்கிருந்து எண்ணுகிறார் பவுல். கொஞ்சம் நீட்டித்தான் படிக்க வேண்டும், ஆனாலும் நிற்கும். ஒரே படத்தில் இரண்டையும் போடுவதானால் இரண்டு வரிசை வரையுங்கள், மேலே 430, கீழே 215 + 215.

நெடுங்கணக்குப் படத்தில் லேவி, கோகாத் வரை கெட்டிக்கோடு, அதன்பின் புள்ளிக்கோடு, கடைசியில் அம்ராம்–மோசே கெட்டிக்கோடு. குறுங்கணக்கில் நான்கும் கெட்டிக்கோடு. எப்பிராயீம் வரிசையை அருகில் சேர்க்க மறக்காதீர்கள், கேள்வி அங்கிருந்துதான் வரும். கி.மு. 1446-ஐப் புறப்பாடாக வைத்தால் எகிப்து வருகை நெடுங்கணக்கில் 1876, குறுங்கணக்கில் 1661. 1260-ஐ ஒட்டி வைத்தால் முறையே 1690, 1475.

அந்த 1446-இலேயே ஒரு கண்ணி இருக்கிறது. 1 இராஜாக்கள் 6:1 சொல்வது ‘நானூற்று எண்பதாம் வருஷத்தில்’. கழிந்தது 479 ஆண்டு. ஆலய அஸ்திபாரம் கி.மு. 967 வசந்தத்தில் என்றால் 967 + 479 = 1446. அஸ்திபாரத்தை 966 என்று வைத்து 480-ஐ அப்படியே கூட்டினாலும் 1446 வந்துவிடுகிறது, அதனால் பிழை கண்ணில் படுவதில்லை. உஷர் சரியாகச் செய்தார்: 1012 + 479 = 1491. அப்போஸ்தலர் 13:20-இன் 450-ஐயும் பார்த்து எடுங்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது நியாயாதிபதிகள் காலத்தோடு சேர்ந்து நிற்கிறது. பழமையான கிரேக்கப் பிரதிகளின் சொல்வரிசையில் அது முந்தின வசனங்களோடு போகிறது: எகிப்து 400, வனாந்தரம் 40, தேசத்தைப் பிடித்துப் பங்கிட ஏறக்குறைய 10. எந்த மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் படத்தின் மூலையில் எழுதிவிடுங்கள்.